பழைய பனி மெஷின்

ஜூன் 14, சனி

தோள் ஆபரேஷனுக்குப் பிறகு, இனி என்னால் பனி அகற்ற முடியாது என்று மலை விடுதி மேலாளர் என்னைக் குசினிக்குச் சமையல் வேலைக்கு மாற்றிவிட்டார். இந்த நாட்டில் ஜூனில்தான் குளிர்காலம் தொடங்கும்; அப்படிப் பத்துக் குளிர்காலம் அங்கே பனியை அகற்றிப் பாதை திறந்தவள் நான்.

அவர் குப்பையில் போடச் சொன்ன, பனியை அள்ளி வீசும் பழைய மெஷினைக் கிரெய்கிபர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கார்புரேட்டரைக் கழுவி, பெல்ட்டை மாற்றினேன். கயிற்றை இழுத்து இயக்கத் தோள் விடாது என்பதால், பட்டனை அழுத்தினால் இயங்கும் ஸ்டார்ட்டர் பூட்டினேன்.

இன்று அழுத்தியதும் கராஜே அதிர்ந்தது. கணவர் ஓடி வந்தார்.

"உமக்கேன் இந்தப் பிடிவாதம்? குசினியில சூடா நிக்கலாமே."

"நீங்க போய் நில்லுங்கோ. நான் திங்கள் இதோட மலைக்குப் போறன்."

"அந்தாள் வேண்டாமெண்டா?"

"விடுதி வாசல் பனியை அள்ளிப்போட்டுத்தான் அவரிட்ட என்ர பழைய வேலையைக் கேப்பன்."

இரண்டு தரம் கழுவியும் கையில் பெட்ரோல் மணம் போகவில்லை. இருக்கட்டும்.