என் கையில் அவன் தோல்

திருமயம், 14-5-1962, திங்கள்.

போன மாதம் என் கையிலிருந்து நகமளவு தோலை வெட்டித் தன் கையில் வைத்துத் தைத்துக்கொண்டான், என்னோடு இரட்டையாய்ப் பிறந்த தம்பி. தன் தோலை எனக்கு வைத்தான். அயலார் தோலென்றால் ரத்தத்தின் வெள்ளணுக்கள் விரட்டிவிடுமாம். சென்னையில் அவன் ஆராய்ச்சி அதுதான். இன்று வந்து இரண்டு கைகளையும் பார்த்துக் குதித்தான்.

"ஒட்டிக்கிருச்சுண்ணே! நாம ரெண்டு பேரும் ஒண்ணுதாண்ணே!"

ஒன்றா? பள்ளிக்கூடத்தில் நான்தான் முதல். கடைக்கு ஆள் வேண்டுமென்று அப்பா என்னை நிறுத்தினார், அவன் டாக்டரானான். இந்தச் சோதனையைச் சொல்ல லண்டன் போகப் போகிறானாம்.

"நீ கைய அசைக்காமப் பாத்துக்கிட்டியே, அது போதும்ப்பா" என்று அப்பா என்னையும் மெச்சினார்.

பொழுது சாய்ந்ததிலிருந்து அந்தத் தோலைச் சொறிந்துகொண்டிருக்கிறேன். எரிகிறது. பெயர மாட்டேன் என்கிறது.