தாடை நிழலில் நீலம்

அன்புள்ள அம்மா,

நான் சுகம். ஹோபார்ட்டில் குளிர் எப்படி, உன் முழங்கால் தேவலையா?

இங்கே கோதுமைக் கிடங்குக் கோபுரத்தில், போன வருஷம் இறந்த விவசாயி மெர்வின் முகத்தை வரைகிறோம். தாடை நிழலுக்கு எங்கள் பெரிய ஓவியர் நோலீன் நீலம் பூசினார். கீழேயிருந்து மெர்வின் மனைவி டோட்டி, "ஏம்மா, எம் புருஷன் என்ன குளிர்ல விறைச்சா செத்தாரு?" என்று கத்தினார். நோலீன் சிரித்தபடியே நீலத்தை ஒட்டி ஆரஞ்சை இழுத்தார்.

இறங்கி, டோட்டியையும் கூட்டிக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம். அம்மா, அந்த நீலம் பக்கத்தில் இருப்பதால்தான் வெயிலில் கன்றிய கன்னம் அப்படித் தகித்தது! என்ன கை நோலீனுக்கு!

டோட்டி கண்ணுக்குமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். பிறகு, "தொப்பி போடுன்னா கேட்டாத்தானே இந்த மனுஷன்" என்றார்.

நீ வீட்டில் போட்டுக்கொள்ளும் பச்சைக் கம்பளிச் சட்டையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

கூப்பிடுகிறார்கள், மேலே ஏறணும்.

உன் கெரின்