ஆல்பத்தில் நிற்கும் ஆள்

குட்டிம்மா,

உன் கல்யாண ஆல்பம் வந்து சேர்ந்தது. எல்லாப் படத்திலும் நான் நிற்கிறேன். நான் வராத குறையை ஏஐ தீர்த்துவைத்ததாக எழுதியிருக்கிறாய். நல்லது.

படம் எடுக்கும் தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது. எல்லார் நிழலும் வலப்பக்கம் விழ, என் நிழல் மட்டும் இடப்பக்கம் விழுகிறது.

பதினோரு நாள் பனியில் காத்துக்கிடந்து நான் எடுத்த மலைப் படத்தைப் பத்திரிகை போடவில்லை. "உங்க மலை கொஞ்சம் மங்கலா இருக்கு சார். நாங்களே ஒண்ணு உருவாக்கிட்டோம்" என்றார் ஆசிரியர். அந்தப் பதினோரு நாளில் ஏழாவது நாள் என்ன நாள் என்று உனக்குத் தெரியும்.

நிழல் தப்பை உன் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

"நிழல் கிடக்கட்டும். ஒரு படத்துலகூட நீங்க வாட்சைப் பாக்கல. அதான் நம்ப முடியல" என்றாள்.

அவள் அதைச் சொன்னபோது மணி நாலு இருபது. எனக்கு ஐந்து மணிக்கு ரயில்.

இப்படிக்கு,
நிழல் ஒழுங்காக விழுகிற
உன் அப்பா