கேட்காதே, சொல்லு

இஸ்திரி போட்டு வந்த வெள்ளைக் கோட்டைக் கையில் வாங்கியதும் சூட்டோடு பஞ்சும் எண்ணெயும் கலந்த வாசனை எழுந்தது. எங்கள் நல்லூர் இஸ்திரிக் கடைக்கு அடுத்த கதவு, பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட். மண்ணரையில் உனக்குத் தெரிந்த தையல்காரரிடம் நம் இருவருக்கும் ஒரே மாதிரி தைத்த கோட்டுகளில் என்னுடையது இது. எக்ஸ்போர்ட் தையல், நாம் ரிட்டயர் ஆனாலும் பிரியாது என்றாய். பிரியவில்லைதான்.

நீயும் நானும் ஒரே வார்டில் நர்ஸாக இத்தனை காலம் ஓடிவிட்டு, நாற்பதுக்கு மேல் நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பில் சேர்ந்தோம். டியூட்டி, வகுப்பு, அடுப்பு. கூடப் படித்த பெண்கள் அக்கா என்றார்கள். பஸ்ஸில் புத்தகத்தை மடியில் விரித்தபடியே தூங்கினோம்.

பாடம் எனக்கு வந்தது. வராதது வேறு. கண்டதையெல்லாம் டாக்டரிடம் கேள்வியாகவே சொல்லிப் பழகியவர்கள் நாம். இந்தப் படிப்போ, சோதித்துப் பார்த்து இதுதான் என்று நம் வாயால் சொல்லச் சொன்னது. ரவுண்ட்ஸில் பேராசிரியர் ஒரு நோயாளியைக் காட்டி என் முடிவைக் கேட்டபோது, உள்ளே ரத்தம் கசியுதுங்களா சார் என்று அவரையே கேட்டேன். கண்டுபிடித்தது சரி. ஆனால் தேர்விலும் இப்படியே கேட்டால் தேறமாட்டாய் என்றார்.

கேன்டீனில் நீ விடவில்லை. "நெஞ்சு நின்னுபோனவனப் பாத்தாலும், ஏனுங்க டாக்டர், இது நின்னுருக்குதுங்களான்னுதான் கேப்ப புள்ள." சிரித்து ஓய்ந்து, இருவரும் அப்படியே மேஜையில் தலை சாய்த்தோம்.

பிறகு உனக்கு மார்பில் புற்று என்று தெரிந்தது. படிப்பை விட்டாய்.

தேர்வுக்கு முந்தின வாரம் உன்னைப் பார்க்க வந்தேன். பேச்சை இடையிடையே நிறுத்தி மூச்சுப் பிடித்தாய். ஸ்டெதாஸ்கோப்பை எடு, என்னையே பரீட்சைப் பேஷண்ட்டாக வைத்துக்கொள் என்றாய். முதுகில் வைத்துக் கேட்டேன். வலது பக்கம் கீழே காற்றுச் சத்தமே இல்லை. மூச்சு வாங்குதா என்றேன்.

"கேக்காத புள்ள. சொல்லு."

"வலது பக்கம் நுரையீரலச் சுத்தித் தண்ணி கோத்திருக்குது. இன்னிக்கே போய் எடுக்கோணும்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாய். அப்புறம், "பாஸ்" என்றாய்.

தேர்வில் தேறினேன். முடிவு வந்தபோது நீ இல்லை.

படித்த வேலையைப் பாதி நாள்தான் தருகிறார்கள். மீதி நாள் பழைய வேலையே. கால் வீங்குகிறது. போன வாரம், ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் தைக்கும் ஒருவரைப் பரிசோதித்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது, உடனே மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

ஒவ்வொரு முறையும் வாய் திறக்கும் முன் உன் முதுகில் காற்று வராத அந்த இடத்தின் அமைதிதான் காதுக்கு வருகிறது. அது கடக்கும்வரை கொஞ்சம் பொறுக்கிறேன். பிறகு சொல்கிறேன்.