ஸ்டூல் கேட்டோம், தியானம் வந்தது

இன்று காலை பட்டுச் சேலைப் பிரிவில் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கால் பிளந்து சாய்ந்தது, ஏட்டம்மா. அதில் உட்கார்ந்திருந்த செல்வி அக்காவும் சேர்ந்து சாய்ந்தாள். அடி ஒன்றும் இல்லை. மேலே சரிந்த சேலைகளுக்குள்ளிருந்து, "ஏட்டம்மா போனதும் ஸ்டூலும் போச்சே" என்று குரல் வந்தது. எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நீங்கள் எங்கள் ஜவுளிக்கடைக்கு வந்த கதையே ஓர் அநியாயம். காலையிலிருந்து இரவு வரை நின்றபடி சேலை விரிக்கும் பெண்கள் நாங்கள். உட்கார ஆளுக்கொரு ஸ்டூல் கேட்டோம். இருக்கை கொடுக்கச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. முதலாளி யோசித்து, எங்களுக்கெல்லாம் மன அழுத்தம் என்று கண்டுபிடித்தார். வாரம் ஒரு தியான வகுப்பு ஏற்பாடு செய்தார். நமக்குக் கால் வலித்தால் இவர்கள் மனசுக்குத்தான் மருந்து தருவார்கள்.

மெல்லிய குரலில் பேசும் ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்தோம். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற நீங்கள், பூட்ஸ் போடாமலே பூட்ஸ் சத்தத்தோடு மாடியேறி வந்தீர்கள்.

"எல்லாரும் உக்காருங்க. கண்ணை மூடுங்க. ஏட்டி, மூடுன்னா மூடணும். ஓரக்கண்ணால என்ன பார்வை? நான் என்ன சம்மனா கொண்டாந்திருக்கேன்?"

வேலை நேரத்தில் நாங்கள் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை. கொஞ்ச நேரத்தில் வரிசையாகத் தூங்கிப்போனார்கள். செல்வி அக்கா குறட்டையே விட்டாள். எட்டிப் பார்த்த முதலாளியிடம் நீங்கள் உதட்டில் விரல் வைத்து, "சத்தம் போடாதிய. ரொம்ப ஆழத்துல இருக்காவ" என்றீர்கள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் தூங்கவில்லை. கோபத்தில் தூக்கம் எங்கே வரும்? ராஜபாளையத்தில் முன்பு வேலை பார்த்த கடையில் இதே ஸ்டூலுக்காகக் கத்தித்தான் வேலை போனது. இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரிலும் போனால், சொந்த ஊர் மம்சாபுரத்தில் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அங்கே உட்காரத் தடையில்லை, சாப்பிடத்தான் வழியில்லை.

"உனக்கு ஏன் மூச்சு இம்புட்டு வேகமா போகுது?" என்று கேட்டீர்கள்.

"கோவம் வருது ஏட்டம்மா. கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் பொறுத்துக்கிடணுமா?"

"யாரு பொறுக்கச் சொன்னா? இது லத்தி பிடிச்ச கை. கோவத்தை விட்டுராத. அதோட செத்த நேரம் உக்காரு. யாரு மேல, எதுக்குன்னு தெளியட்டும். பொறவு எந்திரி."

ஆயுதப்படையில் இருந்தபோது ஒரு வாத்தியாரிடம் தியானம் கற்றதாகச் சொன்னீர்கள். பழகியது ஆண்டாள் தேரோட்டப் பந்தோபஸ்தில். "தேரு நின்னுபோச்சுன்னா கூட்டம் நகராது, நாமளும் நகர முடியாது. மூச்சு மட்டுந்தான் போயிட்டு வரும். அதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

நானும் பிடித்துக்கொண்டேன். கடையையே கலைத்துப் பார்த்துவிட்டு "வேற டிசைன் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களின் முதுகைப் பார்த்தபடி, ஒரு மடிப்புக்கு ஒரு மூச்சு என்று சேலை மடித்தேன்.

விசாரணை அறை வித்தையையும் நீங்கள்தான் சொன்னீர்கள். "கேக்க வேண்டியதை ஒரு தடவை கேளு. பொறவு வாயை மூடிக்கிட்டு மூச்சைப் பாரு. எதிர்ல இருக்கவனால சும்மா இருக்க முடியாது."

செல்வி அக்காவின் கால் வீங்கிச் செருப்பில் நுழையாத நாளில், முதலாளியின் அறைக்குப் போனேன்.

"ஆளுக்கொரு ஸ்டூல் வேணும் சார்."

"கஸ்டமர் நிக்கையில நீங்க உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

நான் பேசவில்லை. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது.

"எடமும் இல்லையேம்மா."

உள்ளே, வெளியே.

"சரி, ரெண்டு வாங்கிப் போடுதேன்."

கத்திவிடத் தோன்றியது. கோபத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஏன் இப்படிப் பாக்க? ஆளுக்கொண்ணு, அம்புட்டுத்தானே? வாங்கித் தாரேன். மொதல்ல அந்தக் கண்ணை அங்கிட்டு எடு!"

ஸ்டூல்கள் வந்தன. தியானத்தால் பெண்கள் சாந்தமாகிவிட்டார்கள் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் பில் போடுகிறவர் எழுந்து நின்றுவிட்டார்.

உங்களை எடுத்த அன்று கடைக்கு லீவு இல்லை என்றார் முதலாளி. எல்லாரும் போய் ஒரு தடவை கேட்டோம். பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றோம். மத்தியானம் வரை போய்வரச் சொன்னார். உங்கள் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உட்காருவதற்காக அத்தனை பாடுபட்ட நாங்கள் ஒருத்தியும் உட்காரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். உடைந்த ஸ்டூலை முதலாளி வரும் வழியில், காலில் இடறுகிற மாதிரி வைத்திருக்கிறேன். ஒரு தடவைதான் கேட்பேன். மூச்சு சீராக இருக்கிறது, ஏட்டம்மா. கோபமும் நீங்கள் சொன்ன மாதிரியே பத்திரமாக இருக்கிறது.