மூன்றாம் நாள் விழுந்த மான்

இன்று மத்தியானம் மருமகள் மான் வத்தல் பொரித்தாள். பளைப் பக்கம் போய்வந்த அவளுடைய தமையன் ஓர் ஓலைச் சரையில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். மணம் முற்றம் வரை வந்தது. புகையிலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாட்டுச் சொல்லித் தோட்டத்துக்குப் போய்விட்டேன். மகனோடு சண்டிலிப்பாய்க்குக் குடிவந்து ஆறு வருடம்; நீ காய்ச்சலில் செத்துப்போய் நாலு வருடம். இன்னும் அந்த மணம் என்னை வீட்டுக்குள் இருக்க விடுவதில்லை.

அங்கே நம்முடைய பழைய வயல்களில் இந்த வருடமும் மான் கூட்டம்தானாம். சண்டைக் காலம், தோட்டாவுக்குத் தட்டுப்பாடு, மானுக்குக் கொண்டாட்டம் என்று அந்தப் பொடியன் சிரித்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நெல் போனவனுக்கல்லவா தெரியும்!

இதெல்லாம் சிறுத்தையோடு தொடங்கியது. இரண்டு கன்றுகளைத் தூக்கிப் போய்விட்டது என்று ஊரே திரண்டு வந்து உன்னைக் கேட்டது. அந்தப் பக்கத்துக் காட்டில் மிஞ்சியிருந்த கடைசிச் சிறுத்தை அது. தோல் வியாபாரிகள் மற்றவற்றை முன்னமே முடித்திருந்தார்கள். நீ சுட்டாய். நாங்கள் ஆரவாரித்தோம். நீ மட்டும் அதன் பக்கத்தில் குந்தியிருந்து, "இனி மானை ஆர் பாக்கிறது?" என்று கேட்டாய். விசரன் கதைக்கிறான் என்று நான்தான் முதலில் சிரித்தேன்.

ஐந்தாறு வருடத்தில் பதில் வந்தது. முதலில் பத்தாக வந்த மான்கள் பிறகு எண்ண முடியாத கூட்டமாக வந்தன. வேலியைத் தாண்டின, தாண்ட முடியாத இடத்தில் நுழைந்தன. வைக்கோல் வெருளியைக் கண்டு ஒரு கிழமை பயந்தன, அடுத்த கிழமை அதன் காலடியிலேயே மேய்ந்தன. வருடா வருடம் நீ சுட்டுக் குறைத்ததால் ஏதோ அரைவாசி நெல்லாவது வீட்டுக்கு வந்தது. ஊரில் துவக்குக்கு லைசென்ஸ் வைத்திருந்தவன் நீ ஒருவன்தான்.

அந்த மார்கழியில் நீ மாட்டேன் என்றாய். கிணற்றடியில் வைத்துக் கேட்டேன். "இந்த வருசம் என்னாலை ஏலாது மச்சான்," என்றாய். ஏன் என்றதற்கு, "ஏலாது எண்டால் ஏலாது. விடன்," என்று வாளியைக் கிணற்றில் விட்டாய்.

நீ சொல்லாத காரணம் எனக்குத் தெரியும். உன் மனைவிக்கு அப்போது மூன்று மாதம். முன்பு இரண்டு முறை தங்காமல் போனதால், கண்ணூறுக்குப் பயந்து நீங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவள் என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மூச்சு விடக்கூடாது என்று சொல்லித்தான் என் மனைவி எனக்குச் சொன்னாள். பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் ஓர் உயிரைக் கொல்லக்கூடாது. ஊரில் கோழி கூட அறுக்கமாட்டார்கள்.

தெரிந்துகொண்டுதான் நான் உன்னைக் குத்தினேன். "உனக்கென்ன, தின்ன ஒரு பிள்ளையில்லை. எங்கடை பிள்ளையள் தைக்குப் பிறகு என்னத்தைத் தின்னுறது?"

நீ என் முகத்தைப் பார்த்தாய். எனக்குத் தெரியுமோ என்று தேடினாய். நான் ஒன்றும் அறியாதவன் போல நின்றேன். "நீயோ மச்சான் உப்பிடிக் கதைக்கிறாய்?" என்றாய். மறுநாள் விடியக்காலை வரம்பில் துவக்கோடு வந்து நின்றாய்.

முதல் நாள் இரண்டு, இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் விழுந்தது பெண் மான். வயிற்றைக் கீறியபோது உள்ளே குட்டி கிடந்தது; முதுகில் புள்ளி கூட விழுந்திருந்தது. நீ வாய்க்காலில் கையைக் கழுவினாய், திரும்பவும் கழுவினாய். உன் பங்கை எடுக்காமலே போய்விட்டாய். என் பங்கை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி அதைத் தொடவில்லை. "உங்களுக்குத் தெரியும்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

மாசியில் உன் வீட்டில் அதுவும் தங்கவில்லை.

மான் சுட்டதால்தான் அது போனது என்று நான் நம்பவில்லை. அந்த மான்களைச் சுட்டிருக்காவிட்டால் நாலு குடும்பம் பட்டினி கிடந்திருக்கும் என்பதிலும் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் நீ நம்பினாய். துவக்கை அரசாங்கக் கச்சேரியில் ஒப்படைத்தாய். அடுத்த வருடம் மான்கள் உன் வயலையும் என் வயலையும் சேர்த்தே மேய்ந்தன. நீ வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய், கல்லெடுத்துக்கூட எறியவில்லை. பிறகு எனக்கும் அந்த மண்ணில் இருக்கப் பிடிக்கவில்லை.

எனக்கு முன்பே தெரியும் என்பதைத் தவிர, இதுவரை எழுதியதில் பெரும்பாலும் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததற்காகத்தான் இந்த மடல்.

உன் வீட்டில் அந்தப் பிள்ளை போன ஒரு கிழமையில் நீ என் வீட்டுக்கு வந்தாய். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தாய். என் தோளில் கை வைத்து, "நீ தெரியாமல்தானே கேட்டனி. மனசிலை வைச்சிராதை," என்றாய். குசினி வாசலில் என் மனைவி நின்றாள். நான் உண்மையைச் சொல்வேன் என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் "ஓம், தெரியாமல்தான்" என்றேன்.