கீபோட்டில் ஒருவர்

அண்ணை,

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு கலியாண வரவேற்பு. புதிதாகச் சேர்ந்த பாடகப் பெடியனுக்குக் காது மொனிற்றர் மாட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தேன். காதுக்குள் வைக்கும் பஞ்சு நுனிகளைப் போட்டுவைக்கும் சின்னப் பையின் அடியில் உங்களுடையது கிடந்தது. யூக்கலிப்டஸ் மணம் இன்னும் போகவில்லை. தொண்டைக்குப் பூசுகிற தைலத்தைக் காதைச் சுற்றிப் பூசாதீர்கள், பஞ்சு வழுக்கும், வெளிச்சத்தம் உள்ளே வரும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "உனக்குப் பஞ்சு கவலை, எனக்குத் தொண்டை கவலை" என்று விட்டீர்கள்.

பெடியனுக்குப் புதுப் பஞ்சு போட்டுக் கொடுத்தேன். உங்களுடையதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் காது மொனிற்றர் செற்றை முதன்முதல் வாடகைக்கு எடுத்ததே உங்கள் தொண்டைக்காகத்தான். மேடைத் தரையில் வைக்கிற மொனிற்றர் ஸ்பீக்கரில் உங்கள் குரல் உங்களுக்குக் கேட்காது. ட்ரம்ஸை மீறக் கத்துவீர்கள். நான் கூட்டினால் ஸ்பீக்கர் கூவும். நீங்கள் இன்னும் கத்துவீர்கள். தொண்டையில் முடிச்சு வந்துவிட்டது, இப்படியே கத்தினால் பாட்டை மறக்கவேண்டியதுதான் என்று டொக்ரர் சொன்னார். நான் எலெக்ரோனிக்ஸ் படித்து முடித்திருந்த காலம். குரலைக் கம்பியில்லாமல் நேரே காதுக்குள் அனுப்பலாம். கேட்டால் கத்தத் தேவையில்லை. கணக்கு அவ்வளவுதான்.

உங்களுக்கு அது பிடிக்கவில்லை. "செவிட்டு மெசினைப் போட்டுக்கொண்டு மேடையிலை நிக்கச் சொல்லுறியோ? சனம் என்னடா நினைக்கும்?"

"பாட்டில்லாமல் வீட்டிலை இருந்தால் என்ன நினைக்கும் எண்டு யோசியுங்கோ."

முறைத்துவிட்டு வாங்கி மாட்டினீர்கள்.

இன்னொரு சிக்கல் இருந்தது. அதற்கு எந்தக் கடையிலும் சாமான் இல்லை. கீபோட் வாசிக்கும் குகன் அண்ணை ஒரு நாள் வேறு இசைக்குழுவுக்குப் போய் வாசித்துவிட்டார். அடுத்த கலியாணத்தில் நீங்கள் மைக்கில் எல்லோரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினீர்கள். அவருடைய முறை வந்ததும், "கீபோட்டில் ஒருவர்" என்றீர்கள். மண்டபம் சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு பேரும் டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடம். வருவது இரண்டு காரில்.

"அவரிட்டைச் சொல்லு, அடுத்தது டூயற் எண்டு" என்பீர்கள் என்னிடம். அவர் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பார். "அவரிட்டைச் சொல்லு, எனக்குக் காது கேக்கும் எண்டு" என்பார் அவரும் என்னிடம். குழுவை விட்டு இருவரும் போகவும் மாட்டீர்கள்.

காதுச் செற்றை முதன்முதல் போட்டது வோபர்னில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். பழைய மாணவர் சங்க விழா. மதியமே போய்ச் சாமான்களைப் பூட்டத் தொடங்கினேன். முதல் அலைவரிசையில் ஏதோ ரீவி நிலையத்தின் இரைச்சல். மாற்றினேன். பெல்ற்றில் செருகும் பெட்டியோடு மேடை முழுக்க நடந்தேன். இடப்பக்கத் திரையடியில் சத்தம் அறுந்தது. அன்ரெனாவை உயர்த்தினேன். அறவில்லை. பிறகு நீங்கள் மாட்ட, ஒவ்வொரு வாத்தியமாக உங்கள் காதுக்குள் விட்டேன். உங்கள் குரல், டோலக், ட்ரம்ஸ், பேஸ் கிற்றார், கீபோட்.

"உதை எடு."

"எதை?"

"கீபோட்டை. என்ரை காதுக்குள்ளை அவன் வேண்டாம்."

தரை மொனிற்றரில் இது நடக்காது. மேடையில் நிற்பவர் எல்லோரையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். காதுக்குள் வைக்கிறபோது, பிடிக்காத ஆளை ஒரு குமிழைத் திருப்பி இல்லாமல் செய்துவிடலாம். இந்தச் சாமானைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் ஆட்களை நினைத்துக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

"விசர் வேலை அண்ணை. மற்றப் பாட்டுகளைப் பேஸை வைச்சுச் சமாளிப்பியள். தொகையறாவிலை தாளமும் இல்லை, பேஸும் இல்லை. சுதிக்கு என்ன செய்வியள்?"

"சுதி எனக்கு நெஞ்சுக்குள்ளை கிடக்கு. நீ எடு."

எடுத்தேன். காது உங்களுடையது.

பிறகு குகன் அண்ணையின் வயரைப் பார்க்கப் போனேன். கீபோட் திரையில் மைனஸ் இரண்டு. அதாவது எந்தக் கட்டையை அழுத்தினாலும் சுதி இரண்டு அரைப்படி இறங்கித்தான் ஒலிக்கும். "இது ஏன் இறங்கி நிக்குது?" என்றேன். "உது உன்ரை வேலையில்லை" என்று திரையைக் கையால் மறைத்தார். எனக்கு இன்னும் வயர் ஒட்டக் கிடந்தது. விட்டுவிட்டேன்.

முதல் பாட்டுகள் நன்றாகப் போயின. நீங்கள் கத்தாமல் பாடியதை அன்றுதான் கேட்டேன். பிறகு அந்தத் தொகையறாப் பாட்டு வந்தது. குகன் அண்ணை சுதி கொடுத்தார். உங்கள் காதில் அது விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தீர்கள். விசில் பறந்தது. என் ஹெட்போனில் கீபோட் ஒரு சுதி, நீங்கள் அதற்கு மேலே ஒரு சுதி. குகன் அண்ணை கட்டைகளிலிருந்து கையைத் தூக்கிவிட்டார். ஏதோ பொத்தானை அழுத்தினார். இரண்டு அரைப்படி ஏற்று என்று பேஸ் கிற்றார் பெடியனுக்கு இரண்டு விரல் காட்டினார். கீபோட் திரும்ப வந்தபோது சரியாக உங்கள் குரலுக்கு அடியில் வந்து இருந்தது. சனத்துக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சரணத்தின் உச்சியில் உங்கள் குரல் உடைந்தது. மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டி அவர்களைப் பாடவிட்டுச் சமாளித்தீர்கள்.

இடைவேளையில் திரைக்குப் பின்னால் வெந்நீர்க் கோப்பையோடு நின்றீர்கள். முகம் செத்துப்போயிருந்தது. "குரல் போட்டுது போலை. இனி ஏலாது."

"குரல் போகேல்லை. நீங்கள் பிடிச்சது ரெக்கோட்டிலை இருக்கிற அதே சுதி. ஆனா நீங்கள் இப்ப பாடிவாறது அதிலை இல்லை. அவர் எல்லாப் பாட்டையும் இறக்கித்தான் வாசிக்கிறார்."

"ஆர் சொன்னது?"

பேஸ் பெடியனைக் கூப்பிட்டேன். அவன் நெளிந்தான். "டொக்ரர் சொன்ன கிழமையிலை இருந்து அண்ணை. உங்களிட்டை வாய் திறக்கக்கூடாதெண்டவர்."

நீங்கள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "நான் மருந்து வேலை செய்யுது எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றீர்கள். பிறகு, "அவனைக் காதுக்குள்ளை விடு."

"எவ்வளவு?"

"கொஞ்சம். அவனிட்டைச் சொல்லிப்போடாதை."

இரண்டாம் பாதியில் கீபோட் மைனஸ் இரண்டுக்குப் போனது, நீங்களும் கூடவே இறங்கினீர்கள். உங்கள் இடக்கை விரல் ஒன்று இடுப்படியில் எழுந்தது. கூட்டு என்று அர்த்தம். கூட்டினேன். திரும்பவும் எழுந்தது. குரல் எங்கும் உடையவில்லை. முடிவில் வழமைபோல அறிமுகம். "கீபோட்டில் ஒருவர்." சனம் சிரித்தது. அவர் தலை நிமிராமல் மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்தி ஒரு கோட் அடித்தார். உங்கள் காதுக்குள் அந்த நேரம் உங்கள் குரலைவிட அவர்தான் பெரிதாக இருந்தார். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகும் நீங்கள் இருவரும் பேசவில்லை. இரண்டு கார்தான். நீங்கள் கடைசிவரை பாடினீர்கள். உங்களைக் கொண்டுபோனது தொண்டையில்லை, நெஞ்சு.

செத்தவீட்டில் குகன் அண்ணை என் பக்கத்தில் வந்து இருந்தார். "கடைசி வரைக்கும் என்னைக் காதுக்குள்ளை விடேல்லைத்தானே?" பேஸ் பெடியன் உளறியிருக்கிறான், அதுவும் பாதியை மட்டும். சொல்லாதே என்றுதான் சொல்லியிருந்தீர்கள். ஆனால் அந்த மனிதன் அப்படியே நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"வோபர்னிலை இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விட்டவர். தன்ரை குரலை விடக் கூட."

"எவ்வளவு கூட?"

விரல்களால் இடைவெளி காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஏன் கடைசி வரைக்கும் 'ஒருவர்' எண்டவர்?"

"உது என்ரை வேலையில்லை" என்றேன்.

சிரித்துவிட்டார். செத்தவீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போன சனிக்கிழமை நிகழ்ச்சி முடிய, புதுப் பெடியன் அறிமுகம் செய்வதற்காகக் குகன் அண்ணையிடம் குனிந்து கேட்டான். "அங்கிள், உங்கடை நேம் எப்பிடிச் சொல்ல?"

"பேர் வேண்டாம் தம்பி. கீபோட்டில் ஒருவர் எண்டு சொல்லும்."

பெடியன் குழம்பி என்னைப் பார்த்தான். சொல்லு என்று தலையாட்டினேன். சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. குகன் அண்ணை தலை நிமிராமல் ஒரு கோட் அடித்தார்.

அன்று பின்னேரம், நிகழ்ச்சி தொடங்க முன்பே, பெடியன் டோலக்கைக் காதிலிருந்து எடுக்கச் சொன்னான். டோலக் வாசிப்பவரோடு என்ன தகராறோ, நான் கேட்கவில்லை. குமிழைக் குறைத்தேன். முழுக்க மூடவில்லை, அண்ணை. இப்போதெல்லாம் ஆர் சொன்னாலும் நான் முழுக்க மூடுவதில்லை. ஒரு மயிரிழை விட்டுவைக்கிறேன். அவர்களிடம் சொல்வதும் இல்லை.